எல்லாம் புரியும், பேச்சுதான் வரல

“எல்லாம் புரியும் டாக்டர், பேச்சுதான் வரல.”

பேசாத பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓ.பி. வரிசையில் நிற்கும் அம்மாக்கள் காலம் காலமாகச் சொல்லிவருவது இது. மதுரையில் சொல்கிறார்கள், டப்ளினிலும் சொல்லியிருக்கிறார்கள். அந்த வாக்கியம் மாறவேயில்லை. அதைக் கேட்டுவிட்டு மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் என்ன செய்கிறார் என்பது மட்டும் மாறியிருக்கிறது. முன்பெல்லாம், “எல்லா அம்மாவும் இப்படித்தாம்மா சொல்வாங்க” என்றபடியே சீட்டில் எழுதத் தொடங்கிவிடுவார். இப்போது, நல்ல இடமாக அமைந்தால், பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “எதை வச்சு அப்படிச் சொல்றீங்க?” என்று கேட்கிறார். அந்தக் கேள்வி அறைக்குள் வந்து சேர்ந்த கதை கொஞ்சம் நீளமானது.

பழைய சோதனை அறையில் இரண்டு சாமான்கள் கட்டாயம் இருக்கும். ஒன்று மரப்பலகை. வட்டம், சதுரம், நட்சத்திரம் என்று பத்துக் குழிகளும் அவற்றில் உட்காரும் பத்துக் கட்டைகளும். 19ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு மருத்துவர் ஒருவரின் பெயரால் ‘செகுவின் ஃபார்ம் போர்டு’ என்று நம் ஊர் சைக்காலஜிஸ்டுகள் இன்றும் சொல்வது இதைத்தான். இன்னொன்று படப்புத்தகம். பக்கத்துக்கு நான்கு படம். சோதிப்பவர் ஒரு சொல்லைச் சொல்வார். பிள்ளை அதற்குரிய படத்தைத் தொட்டுக் காட்ட வேண்டும். இந்த வகையில் உலகமெங்கும் பரவியது பீபடி படச் சொல்வளச் சோதனை. அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்தில் லாயிட் டன் 1959ல் வெளியிட்டார். எந்த வயதுக்கு எத்தனை சொல் தெரிந்திருக்க வேண்டும் என்ற அளவுகோலை நாஷ்வில்லையும் அக்கம்பக்கத்தையும் சேர்ந்த வெள்ளை இனப் பிள்ளைகளை மட்டும் சோதித்து வகுத்தார்கள்.

அன்றைய நிலையில் அது பெரிய வசதி என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வாய் திறக்க வேண்டியதில்லை. எழுத வேண்டியதில்லை. விரலை நீட்டினால் போதும்.

அந்த ‘போதும்’ என்ற இடத்தில்தான் சிக்கல் உட்கார்ந்திருந்தது. படத்தைத் தொட்டுக் காட்டுவதற்கு ஒரு பிள்ளை என்னவெல்லாம் செய்தாக வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். முன்பின் தெரியாத ஒருவர் எதிரில் நாற்காலியில் உட்கார வேண்டும். மேலே சுற்றும் மின்விசிறியை விட்டுவிட்டுப் புத்தகத்துக்குப் பார்வையைக் கொண்டுவர வேண்டும். தன்னிடம் கேட்கப்படுவது ஒரு கேள்வி, அதற்கு ஒரு பதில் எதிர்பார்க்கிறார்கள் என்ற ஏற்பாடே முதலில் பிடிபட வேண்டும். நான்கு படத்தையும் பார்த்து முடிக்கும்வரை முதலில் கண்ணில் பட்டதைத் தட்டாமல் கையை அடக்க வேண்டும். பிறகு தோள், முழங்கை, மணிக்கட்டு என்று ஒன்றன்பின் ஒன்றாக வேலை வாங்கி, மற்ற விரல்களை மடக்கி, ஒரு விரலைச் சரியான கட்டத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டும். ‘பந்து’ என்ற சொல் தெரியுமா என்பது இந்த நீண்ட சங்கிலியில் ஒரே ஒரு கண்ணி. எந்தக் கண்ணி அறுந்தாலும் விழுவது பூஜ்யம். பூஜ்யம் விழுந்தால் எழுதுவது ‘சொல் தெரியவில்லை’.

இதைவிட விசித்திரம் ஒன்று உண்டு. சிறு குழந்தைக்கு ஆட்டிசம் இருக்கலாமோ என்று சந்தேகிக்க வைக்கும் முக்கியமான அறிகுறியே, அது தன் கவனத்தை ஈர்த்ததைப் பிறருக்கு விரல் நீட்டிக் காட்டாததுதான். 1992ல் பிரிட்டனில் சைமன் பாரன்-கோஹன் குழு பதினெட்டு மாதக் குழந்தைகளுக்காக உருவாக்கிய கேள்விப் பட்டியலில் இது தலையாய கேள்வி. இன்றைய பட்டியல்களிலும் இருக்கிறது. ஆக, ஓர் அறையில் ‘விரல் நீட்டுவதில்லை, ஆகவே ஆட்டிசமாக இருக்கலாம்’ என்று எழுதினோம். அடுத்த அறைக்கு அழைத்துப்போய் ‘விரல் நீட்டவில்லை, ஆகவே மொழி புரியவில்லை’ என்று எழுதினோம். இரண்டு தாளும் ஒரே கோப்பில்தான் இருந்தன. யாரும் சேர்த்துப் படிக்கவில்லை.

ஆட்டிசத்தை முதலில் விவரித்த லியோ கானருக்கு இந்தச் சந்தேகம் அப்போதே இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். 1943ல் அவர் எழுதிய கட்டுரையில் வரும் 11 பிள்ளைகளில் 3 பேர் பேசவில்லை. அப்படிப் பேசாதவர்களில் சிலரைச் செவிடு என்றே முதலில் நினைத்திருந்தார்கள். பிள்ளைகள் பலரை மந்தபுத்தி என்று ஒதுக்கியிருந்தார்கள். இவர்களுக்கு அறிவாற்றல் குறைவில்லை என்று கானர் அடித்துச் சொன்னார். ஆனால் அதை எப்படிக் காட்டுவது? அவரிடமும் இருந்தது அதே மரப்பலகைதான்.

பலகையிலும் படத்திலும் தேறாத பிள்ளைக்கு ரிப்போர்ட்டில் இடம்பிடித்த சொற்களை ஒருமுறை வாசித்தவர்கள் மறக்க மாட்டார்கள். ‘ஒத்துழைக்கவில்லை.’ ‘சோதிக்க இயலாதவர்.’ அல்லது அட்டவணையின் ஆகக் கடைசி வரிசையில் இருக்கும் எண். அந்த எண்ணுக்குக் கீழே அட்டவணையில் ஒன்றும் இல்லாததால் போட்ட எண் அது. படிக்கிறவருக்கு அது எப்படித் தெரியும்? எட்டு வயசுப் பிள்ளைக்கு ‘மன வயது 2’ என்று எழுதியிருந்தால் அளந்து பார்த்துத்தான் எழுதினார்கள் என்று பெற்றோர் நம்பினார்கள். பள்ளிக்கூடமும் நம்பியது. அதன்பிறகு அந்தப் பிள்ளையிடம் இரண்டு வயசுக் குழந்தையிடம் பேசுவது போலவே எல்லோரும் பேசினார்கள். சொல் குறைந்தது, கதை நின்றது, பாடம் நின்றது. பத்து வருஷம் கழித்துச் சோதித்தால் ரிப்போர்ட் ஓரளவு உண்மையாகவே ஆகியிருக்கும்.

நம் ஊரில் இன்னொரு கோணலும் சேர்ந்துகொண்டது. நம் பிள்ளைகளை அளந்த கருவிகளில் பெயர்பெற்ற பினே-காமத் சோதனை, 1930களில் தார்வாரில் வி.வி. காமத் கன்னட, மராத்திப் பிள்ளைகளுக்கென்று அமெரிக்க ஸ்டான்ஃபோர்டு-பினே சோதனையைத் திருத்தியமைத்தது. நியூஜெர்சியின் வைன்லாண்டில் எட்கர் டால் 1935ல் உருவாக்கிய சமூக முதிர்ச்சி அளவுகோல், நாக்பூரில் ஏ.ஜே. மாலின் கைவழியாக இந்திய வடிவம் பெற்று வந்தது. இவையெல்லாம் தமிழ்ப் பிள்ளையிடம் வரும்போது சொற்களை யாராவது மேஜையிலேயே மொழிபெயர்க்க வேண்டும். அங்கே எழுத்துத் தமிழ் நுழைந்துவிடும். வீட்டில் ‘சேர்’, தாளில் ‘நாற்காலி’. வீட்டில் ‘டம்ளர்’, தாளில் ‘குவளை’. பிள்ளையின் பாட்டி வீட்டுக்குள் தெலுங்கோ சௌராஷ்டிரமோ பேசுகிறவராக இருந்தால் கேட்கவே வேண்டாம். குவளை எது என்று கேட்டால் பேசுகிற பிள்ளை, “டம்ளரா?” என்று திருப்பிக் கேட்டுத் தப்பித்துவிடும். பேசாத பிள்ளைக்கு அந்த வழியும் இல்லை.

அந்தக் காலத்திலும் சோதனையை மீறி வெளியே வந்தவர்கள் உண்டு. வந்த வழியைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். 1932ல் டப்ளினில் பிறந்த கிறிஸ்டி பிரவுனுக்குக் கடுமையான மூளை முடக்குவாதம். இடது கால் ஒன்றுதான் சொன்னபடி கேட்கும். புத்தி இல்லாத பிள்ளை என்று மருத்துவர்கள் சொல்லியும் அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. ஐந்து வயசு வாக்கில் சகோதரியிடமிருந்து சாக்குக்கட்டியை அந்தக் கால் பிடுங்கியது. அதைக் கண்ட அம்மா தரையில் எழுத்தெழுதிக் காட்ட, கால் அதைப் பார்த்து எழுதியது. பின்னாளில் அவர் எழுத்தாளராகவும் ஓவியராகவும் ஆனதும், அவர் கதை 1989ல் படமாக வந்து டேனியல் டே-லூயிஸுக்கு ஆஸ்கர் வாங்கித் தந்ததும் பலருக்குத் தெரிந்திருக்கும். எனக்கு அதைவிட ஜோயி டீக்கனின் கதை பெரிது. இங்கிலாந்தின் கேட்டரம் மனநல மருத்துவமனையில் 8 வயதில் விடப்பட்டவர் அவர். அவர் எழுப்பும் ஒலிகள் மற்றவர்களுக்கு வெறும் முனகல். அங்கேயே இருந்த எர்னி ராபர்ட்ஸ் என்ற நண்பருக்கு மட்டும் அவை சொற்கள். டீக்கன் சொல்லச் சொல்ல எர்னி எடுத்துச் சொல்ல, மைக்கேல் சாங்ஸ்டர் கையால் எழுத, எழுதப் படிக்கத் தெரியாத டாம் பிளாக்பர்ன் ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டுத் தட்டச்சு செய்ய, 44 பக்கச் சுயசரிதை எழுதி முடிக்க 14 மாதம் ஆனது. 1974ல் அச்சிலும் வந்தது. நான்கு பேருமே அந்த மருத்துவமனைவாசிகள். படப்புத்தகத்தை விரித்து வைத்த நிபுணர்களுக்குத் தெரியாதது, பக்கத்துக் கட்டில்காரருக்குத் தெரிந்திருந்தது.

நடுவில் ஒரு சிலர் கருவியைத் திருத்தவும் பார்த்தார்கள். பிரிட்டனில் ஜோன் ரேனல் 1969ல் வெளியிட்ட மொழி வளர்ச்சி அளவுகோலில், கை அசைக்க முடியாத பிள்ளைகளுக்கென்று தனி வடிவம் வைத்தார். பொருள்களை இடைவெளி விட்டுப் பரப்பி வைப்பார்கள். பிள்ளை கண்ணால் பார்த்துக் காட்டினால் அது பதில். எளிமையான யோசனை. ஆனால் அது அப்போது ஓரத்திலேயே நின்றுவிட்டது.

அடுத்து வந்தது அவசரம். அதைச் சொல்லாமல் இந்தக் கதையை எழுதுவது நேர்மையாகாது.

1990ல் சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தின் டக்ளஸ் பிக்லன், ஆஸ்திரேலியாவில் தான் கண்ட முறை ஒன்றைப் பற்றி எழுதினார். பேசாத பிள்ளையின் கையையோ மணிக்கட்டையோ உதவியாளர் தாங்கிக்கொள்வார். பிள்ளை விசைப்பலகையில் எழுத்துகளைத் தட்டும். அதுவரை ஒரு சொல்லும் பேசாத பிள்ளைகள் கவிதை எழுதினார்கள், பெற்றோருக்கு நன்றி சொன்னார்கள், கணக்குப் போட்டார்கள். ‘எல்லாம் புரியும்’ என்று சொல்லிவந்த அம்மாக்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? இரண்டு மூன்று வருஷத்தில் அமெரிக்கா முழுவதும் பரவிவிட்டது.

நியூயார்க் மாநிலத்தின் ஓ.டி. ஹெக் மையத்தில் சோதித்துப் பார்த்தார்கள். 12 பேர், 9 உதவியாளர்கள். பிள்ளைக்கு ஒரு படம், உதவியாளருக்கு ஒரு படம். ஒருவர் பார்ப்பது மற்றவருக்குத் தெரியாது. சில முறை இருவருக்கும் ஒரே படம், சில முறை வேறு வேறு. படங்கள் வேறாக இருந்தபோது பிள்ளை பார்த்த படத்தின் பெயர் ஒருமுறைகூடத் தட்டப்படவில்லை. உதவியாளர் பார்த்ததே வந்தது. 1993ல் முடிவு வெளியானது. 1994ல் அமெரிக்க உளவியல் சங்கம் அந்த முறைக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று தீர்மானம் போட்டது. அந்த உதவியாளர்கள் ஏமாற்றுக்காரர்கள் அல்லர் என்பதுதான் இதில் வேதனை. தங்கள் கைதான் எழுதுகிறது என்று அவர்களுக்கே தெரியவில்லை. 1907ல் பெர்லினில் கால் குளம்பைத் தட்டிக் கணக்குப் போட்ட ஹான்ஸ் என்ற குதிரையை ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் ஆராய்ந்தபோது கண்டதும் இதே சங்கதி. கேட்பவருக்கு விடை தெரிந்தால்தான் குதிரைக்கும் தெரிந்தது. சரியான எண்ணிக்கை வந்ததும் கேட்பவரின் தலை அவரை அறியாமல் இம்மியளவு அசைவதைக் குதிரை படித்துக்கொண்டிருந்தது.

எழுத்துப் பலகையை உதவியாளர் கையில் பிடித்துக்கொண்டு பிள்ளையைத் தூண்டித் தூண்டித் தொடவைக்கும் முறை பின்னால் வந்தது. இந்தியாவில் தன் மகனுக்குக் கற்பிக்கும்போது சோமா முகோபாத்யாய் உருவாக்கியது. 2001ல் அமெரிக்கா போய் அங்கே பெயர் பெற்றது. அமெரிக்கப் பேச்சு-மொழி-செவிப்புலச் சங்கம் 2018ல் இதையும் பரிந்துரைக்க முடியாது என்று அறிவித்தது. ஆதரிக்கும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன, நம் ஊரிலும் இருக்கின்றன. அவர்களோடு சண்டை போட எனக்கு மனமில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: பலகையைப் பிடித்திருப்பவருக்குத் தெரியாத ஒன்றைப் பிள்ளை எழுதிப் பார்த்திருக்கிறீர்களா? அடுத்த அறையில் ஒரு மாம்பழத்தைக் காட்டி, பிறகு இந்த அறைக்குக் கூட்டிவந்து கேட்டால் போதும். பத்து நிமிஷ வேலை.

பழைய சோதனை பிள்ளையின் வாயில் வார்த்தையே இல்லை என்றது. இந்த முறை பிள்ளையின் வாயில் நம் வார்த்தையைப் போட்டது. இரண்டிலும் பிள்ளைக்குத் தெரிந்தது என்ன என்பதை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

இன்றைய முறைகளின் விதை, பேசாத பிள்ளைகளைப் பற்றி யோசிக்காத ஓர் இடத்தில் விழுந்தது. பச்சைக் குழந்தைக்கு எப்போது சொல் புரியத் தொடங்குகிறது என்பது ராபர்ட்டா கோலின்காஃப், கேத்தி ஹர்ஷ்-பாசெக் இருவரின் கேள்வி. கைக்குழந்தையிடம் ‘தொட்டுக் காட்டு’ என்று சொல்லிப் பயனில்லை. 1987ல் அவர்கள் வெளியிட்ட வழி இது: அம்மா மடியில் குழந்தை, எதிரில் இரண்டு திரை, ஒன்றில் ஒரு படம், மற்றதில் வேறு. நடுவில் இருக்கும் ஒலிபெருக்கி ஒரு சொல்லைச் சொல்லும். குழந்தை எந்தத் திரையை அதிக நேரம் பார்க்கிறது என்று கணக்கெடுப்பார்கள். அம்மா கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அவர் பார்வை போகும் பக்கம் குழந்தையும் போய்விடும். பெர்லின் குதிரையிடம் படித்த பாடம் இங்கே ஒழுங்காகப் பயன்பட்டது.

இதையே பின்னால் பேசாத ஆட்டிசப் பிள்ளைகளிடமும் கொண்டுவந்தார்கள். இப்போது ஆள் உட்கார்ந்து கணக்கெடுக்க வேண்டியதில்லை. திரைக்குக் கீழே கோல் போன்ற ஒரு கருவி விழியின் ஓட்டத்தைப் பதிந்துகொள்ளும். ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் பள்ளி வயது வந்தும் சில சொற்களுக்கு மேல் பேசுவதில்லை என்றும், ஆராய்ச்சி உலகம் இவர்களைக் கண்டுகொள்ளவேயில்லை என்றும் ஹெலன் டாகர்-ஃபுளுஸ்பெர்க், கோனி கசாரி இருவரும் 2013ல் எழுதினார்கள். பிறகு 2016ல் டாகர்-ஃபுளுஸ்பெர்க்கின் பாஸ்டன் குழு ஒரே பிள்ளைகளுக்குப் பல முறைகளையும் வைத்துப் பார்த்தது. அதே பழைய பீபடி சோதனை, பெற்றோரிடம் கேட்ட பட்டியல், விழியோட்டப் பதிவு, தொடுதிரை. எல்லாம் ஒரே விடையைத் தந்திருந்தால் கட்டுரையாளனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். தரவில்லை. பிள்ளைக்குப் பிள்ளை மாறியது. ஒரே பிள்ளைக்கும் முறைக்கு முறை மாறியது. ஆளுக்கேற்ற வழியைத் தேட வேண்டும் என்பதுதான் அவர்கள் கண்ட முடிவு.

மான்ட்ரியாலில் 2015ல் வெளியான ஆய்வு மொழியைப் பற்றியதல்ல, பொது அறிவாற்றலைப் பற்றியது. இருந்தாலும் இங்கே சொல்லியாக வேண்டும். 6 முதல் 12 வயதுவரை, அதிகம் பேசாத 30 ஆட்டிசப் பிள்ளைகள். வழக்கமான வெக்ஸ்லர் ஐ.க்யூ. சோதனையை ஒருவர்கூட முடிக்கவில்லை. பழைய கணக்குப்படி 30 பேரும் ‘சோதிக்க இயலாதவர்’. பேச்சு தேவைப்படாத வேறு மூன்று சோதனைகளை வைத்தபோது 26 பேர் ஏதாவது ஒன்றையாவது முடித்தார்கள். ரேவன் வண்ணக் கட்டச் சோதனையை, விரலால் சுட்டிக் காட்டும் புத்தகமாக வைக்காமல், துண்டை எடுத்துக் குழியில் பொருத்தும் பலகையாக வைத்தார்கள். 17 பேர் சராசரிப் பிள்ளைகள் நிற்கும் வரம்புக்குள் வந்தார்கள். பலகை மறுபடியும் வந்துவிட்டதைக் கவனியுங்கள். குற்றம் பலகையில் இருந்ததில்லை.

மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளுக்கு நெதர்லாந்தில் ஜோஹானா கெய்டன்பேக் குழு ‘சி-பில்ட்’ என்றொரு கணினிச் சோதனையைச் செய்தது. தொடுதிரையை நீட்டி மிரட்டாமல், ‘உன்னிடம் எந்தத் தசை சொன்னபடி கேட்கிறது?’ என்று தொடங்குகிறது அது. கை என்றால் தொடுதிரை. தலை என்றால் தலையருகே பொத்தான். ஒன்றும் இல்லையென்றால் கண். ரேனலின் 1969 யோசனைக்குக் கடைசியில் நாற்காலி கிடைத்தது என்று சொல்லலாம்.

கண்ணும் நிலைக்காத பிள்ளைகளுக்கு? அங்கேதான் மூளை அலை வருகிறது. சான் டியாகோவில் மார்த்தா குடாஸ், ஸ்டீவன் ஹில்யார்ட் இருவரும் 1980ல் கண்டது இது. ‘இட்லிக்குத் தொட்டுக்க கொஞ்சம் செருப்பு போடு’ என்று ஒருவர் படிக்க நேர்ந்தால், பொருந்தாத அந்தச் சொல்லுக்கு அடுத்த 400 மில்லிவினாடி வாக்கில் தலையில் வைத்த மின்முனைகளில் ஒரு சரிவு தெரியும். அவர்கள் பயன்படுத்திய வாக்கியம் வேறு. நம் ஊருக்கு இட்லி பொருந்தும். ‘என்-400’ என்று அதற்குப் பெயர். அந்தச் சரிவு வர வேண்டுமானால் இட்லியும் செருப்பும் என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். கனடாவில் ஜான் கானலியின் குழு 1995ல் இதைப் பீபடி படங்களோடு இணைத்தது. படம் ஒன்று, காதில் விழும் சொல் வேறு என்றால் அலை வருகிறதா என்று மூளை முடக்குவாதம் உள்ளவர்களிடம் பார்த்தார்கள். விரலே வேண்டாத பீபடி.

ஆனால் இதை நாளைக்கே நம் ஊர்த் தெரபி சென்டரில் எதிர்பார்க்க வேண்டாம். முப்பது பேரின் அலைகளைக் கூட்டிச் சராசரி போட்டால் சரிவு அழகாகத் தெரியும். இதோ இந்த ஒரு பிள்ளையிடம் இருக்கிறதா என்றால் தடுமாறும். சரளமாகப் பேசும் குழந்தைகளில்கூடப் பலரிடம் தனித்தனியாகப் பார்த்தால் தெளிவாகக் கிடைப்பதில்லை என்று சிட்னியின் மக்குவாரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020ல் காட்டினார்கள். தவிர, தலையில் தொப்பி மாட்ட விடாத பிள்ளைக்கு எந்த அலையும் கிடையாது. நம் பிள்ளைகளுக்கு முதல் நாளே எண்ணெய் போக ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டிக் கூட்டிவரச் சொல்ல வேண்டும். அந்தத் தலைக்குளியல் போராட்டத்தைத் தாண்டிவரும் பிள்ளை காலையில் எந்த மனநிலையில் இருக்கும் என்பதை யாரும் அளப்பதில்லை.

கருவிகளைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது, மேஜையில் கேட்கப்படும் அந்தக் கேள்வி. “எதை வச்சு அப்படிச் சொல்றீங்க?”

“செருப்பைப் போடுன்னா ஓடிப்போய்ப் போட்டுக்குவான் மேடம்.”

இதை அப்படியே ஏற்றுக்கொள்வது மரியாதை போலத் தெரியும். நல்ல ஸ்பீச் தெரபிஸ்ட் ஏற்றுக்கொள்ளவும் மாட்டார், தள்ளவும் மாட்டார். அதைச் சொல்லும்போது நீங்கள் புடவை மாற்றியிருந்தீர்களா? கையில் பை இருந்ததா? சாவி சத்தம் கேட்டதா? வாசலைப் பார்த்தீர்களா? இத்தனை துப்பு இருந்தால் சொல்லே வேண்டாம். காது கேட்காத தாத்தாகூடச் செருப்பைத் தேடுவார். ஆகவே வீட்டுப்பாடம்: அடுப்படியில் நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி, வெளியே போகாத நேரத்தில் சொல்லிப் பாருங்கள். அடுத்த வாரம் இன்னும் ஒரு படி. ‘செருப்பை ஃப்ரிட்ஜுக்குள்ள வை’ என்று சொல்லிப் பாருங்கள். எந்தப் பழக்கமும் அந்த வேலையை முன்கூட்டிச் சொல்லிக்கொடுத்திருக்காது. பிள்ளை திகைத்து அம்மாவைப் பார்த்தாலே அது ஒரு தகவல். சிரித்தால் அது பெரிய தகவல். சான் டியாகோவில் மின்முனை வைத்துப் பிடித்த அதே செருப்பு-இட்லி விஷயம்தான், கருவியில்லாமல்.

இப்படிப் பார்த்ததில் சில அம்மாக்கள் நினைத்ததைவிடக் குறைவாகவே பிள்ளைக்குப் புரிகிறது என்று தெரியவரும். அதைச் சொல்லவும் வேண்டும். தனிச்சொல் எல்லாம் தெரிந்து, வாக்கியத்தில் தடுமாறும் பிள்ளைகள் நிறைய. தமிழில் இதற்கு ஒரு கச்சிதமான சோதனை உண்டு. ‘அக்கா தங்கச்சியைத் தள்றா’, ‘அக்காவைத் தங்கச்சி தள்றா’. சொல்லின் வரிசை அதேதான், வினைமுற்றும் அதேதான். அந்த ஒற்றை ‘ஐ’ எங்கே ஒட்டியிருக்கிறது என்பதில்தான் யார் விழுகிறார் என்பது இருக்கிறது. ஆங்கிலச் சோதனையை மொழிபெயர்ப்பதால் இது கிடைக்காது. ஆங்கிலத்தில் வரிசையே எல்லாம். நம் வேற்றுமை உருபுகளை வைத்து, இரண்டு படம், ஒரு பார்வை என்ற அளவில், பேசாத பிள்ளைகளுக்கான தமிழ்ச் சோதனை ஒன்றை ஊர்ப் பேச்சிலேயே யாராவது ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

சென்னையில் இதற்கான மண் இல்லாமல் இல்லை. 1985ல் தொடங்கி இன்று வித்யாசாகர் என்ற பெயரில் கோட்டூர்புரத்தில் இயங்கும் நிறுவனத்தில், பேசாத பிள்ளைகள் மடியில் கம்யூனிகேஷன் போர்டோடு வளையவருவது பல வருஷப் பழக்கம். அந்தப் பிள்ளைகளின் தேவையைப் பார்த்துத்தான் அஜித் நாராயணனின் சென்னை நிறுவனம் 2010 வாக்கில் ‘ஆவாஸ்’ கருவியைக் கொண்டுவந்தது. படத்தைத் தொட்டால் அது பேசும். பிறகு அது ஐபேட் செயலியானது, தமிழும் பேசுகிறது. இந்தச் செயலிகள் சோதனைக்காகச் செய்யப்பட்டவையல்ல. ஆனால் ஆறு மாதம் கையில் கொடுத்துப் பார்த்தால் அரைமணி நேரச் சோதனை சொல்லாததைச் சொல்கின்றன. யாரும் கேட்காதபோது பிள்ளை தானாக எதைத் தொடுகிறது என்பதைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது.

இந்தப் பக்கம் இவ்வளவு நடந்திருக்க, சான்றிதழ் முகாமில் மேஜை இன்னும் அந்தக் காலத்து மேஜைதான். மாற்றுத்திறனாளிகளுக்கான 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றது, ஆட்டிசமும் உண்டு. உதவித்தொகைக்கும் பஸ் பாஸுக்கும் விழுக்காடு வேண்டும், விழுக்காட்டுக்கு எண் வேண்டும். வெளியே நூறு பேர் நிற்கும்போது, ‘இந்தப் பிள்ளைக்கு எந்தத் தசை சொன்னபடி கேட்கிறது’ என்று யார் தொடங்குவார்கள்? அம்மாவும் அன்றைக்கு ‘எல்லாம் புரியும்’ என்று சொல்வதில்லை. சொன்னால் விழுக்காடு குறைந்துவிடுமோ என்று பயம். அந்த ஒரு நாள் மட்டும் வாயை மூடிக்கொள்கிறார்.

ஆன் டொனெலன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1984ல் எழுதியது இந்தத் துறையில் அடிக்கடி பேசப்படும். உறுதியான சான்று இல்லாதபோது, தப்பாகிப்போனால் எந்த அனுமானம் குறைந்த கேடு செய்யுமோ அதை வைத்துக்கொள்ளுங்கள் என்பது அவர் கருத்து. புரியும் என்று நினைத்துக் கதை சொல்லி, அது புரியாமலே போயிருந்தால் ஒரு கதைதான் வீண். புரியாது என்று நினைத்து அவன் எதிரிலேயே அவனைப் பற்றிப் பேசி, அது புரிந்திருந்தால்?

பழைய அறையில் அதுதான் நடந்தது. பிள்ளை தரையில் கட்டையோடு உட்கார்ந்திருக்க, “இவன் படிக்க மாட்டாம்மா, இன்னொரு குழந்தை பெத்துக்கோங்க” என்று அவன் தலைக்கு மேலாகவே பேசுவார்கள். அம்மா அழுவார். பிள்ளை கட்டையைத் தட்டிக்கொண்டிருக்கும்.

சமீபத்தில் ஒரு தெரபி அறையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பையனின் ரிப்போர்ட் இன்னும் முடியவில்லை. இரண்டு படம் வைத்தால் பார்வையால் பதில் சொல்கிறான், நான்கு வைத்தால் இல்லை, வீட்டு மொழியில் மறுபடி பார்க்க வேண்டும் என்ற அளவில் பாதி எழுதியிருந்தது. அம்மா மெல்ல ஆரம்பித்தார். “ஸ்கூல்ல இவனைப் பத்தி என்ன சொன்னாங்கன்னா…” தெரபிஸ்ட் சட்டென்று எழுந்தார். “அக்கா, அதை வராந்தாவுல போய்ப் பேசலாம்” என்றார். பிறகு பையன் பக்கம் குனிந்து, “தம்பி, அம்மாகிட்ட ரெண்டு நிமிஷம் பேசிட்டு வரேன். நீ இந்தப் புஸ்தகத்தைப் பாரு” என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனார்.